நாலாவது ஆள்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெரிய மைதானம் இருந்தது. அதில் பள்ளிப் பேருந்துகளை நிறுத்தி வைப்பார்கள். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் என்று டைம் டேபிளில் இருக்கும். அந்த நேரத்துக்குச் சரியாகக் கணக்கு வாத்தியார் உள்ளே வந்து, "போன வாரம் விட்டதை முடிச்சிடலாம்" என்று சாக்பீஸை எடுப்பார். நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் அந்தப் பேருந்தில்தான் போய் வந்தேன். பத்தாவது முடித்ததும் இன்டர்மீடியட்டுக்கு, அதாவது எங்கள் ஆந்திராவின் ப்ளஸ் டூவுக்கு, திருப்பதியில் விடுதியோடு சேர்ந்த ஒரு கல்லூரியில் போட்டார்கள். அங்கே மைதானம் என்ற பேச்சே இல்லை. நான்கு மாடி, மாடிக்கு எட்டு வகுப்பறை, வாராவாரம் தேர்வு, சுவரில் ரேங்க் பட்டியல். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவள் என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கியிருக்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தொன்பது வயது வரை நான் எந்தக் குழுவிலும் இருந்ததில்லை. கோகோவில்கூட இல்லை. அதனால்தான் டிகிரி இரண்டாம் ஆண்டில், திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஜப்பானிய அனிமே தொடர் என் போனில் வந்தபோது, அது என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது.

பள்ளி மாணவிகள் ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து மற்றப் பள்ளிகளோடு மாஜாங் ஆடும் கதை அது. மாஜாங் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. காய்களை வைத்து ஆடும் ஆட்டம் என்பது மட்டும் புரிந்தது. ஒரு பெண் காயை எடுத்தால் மின்னல் வெட்டும், இன்னொருத்தியின் தலைமுடி காற்றில்லாமலே பறக்கும். அதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. என்னை உட்கார வைத்தது வேறு ஒரு காட்சி. ஒருத்தி தன் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து ஒரு நீளமான நடைபாதை வழியாக வருவாள். அடுத்தவள் எதிரே போவாள். முதலாமவள் எத்தனை புள்ளியோடு எழுந்தாளோ அத்தனை புள்ளியோடுதான் இவள் உட்கார வேண்டும். குறைந்திருந்தாலும் அதுதான், கூடியிருந்தாலும் அதுதான். இருவரும் ஒன்றும் பேச மாட்டார்கள். கடந்து போகும்போது ஒருத்தி இன்னொருத்தியின் கையைத் தொடுவாள். அவ்வளவுதான். அந்தக் காட்சியை அன்றைக்கு மூன்று முறை பார்த்தேன்.

என் அறையில் இருந்தவள் பலமனேர்க்காரி. வீட்டில் மாடுகளும் தக்காளித் தோட்டமும். தெலுங்குக்காரி, என்னோடு இருந்து இருந்து தமிழும் பேசுவாள். அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் மூன்று பாகத்தையும் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டாள். ஆனால் விதிகளைச் சொல்லிக் கொடுத்தபோது எழுந்து உட்கார்ந்தாள். எண் போட்ட வட்டம், மூங்கில், அப்புறம் நான்கு திசைக் காற்று என்று காய்களில் வகைகள் உண்டு. எல்லாருக்கும் பதின்மூன்று காய். ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். ஒரே மாதிரியோ எண் வரிசையிலோ மூன்று மூன்றாக நான்கு கூட்டமும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. "ஓ, இந்தே தானா?" என்றாள், இவ்வளவுதானா என்பதைப் பாதித் தெலுங்கில். மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்தோம். திருப்பதியிலேயே கோயில் தெருவில் வீடு, வகுப்புக்கு வந்து போகிறவள். அவள் அப்பா மலைமேல் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். மத்தியான இடைவேளையில் எங்கள் அறைக்கு வந்துதான் தயிர்சாதம் சாப்பிடுவாள். மூன்றே நாளில் எங்களைவிட நன்றாக ஆட ஆரம்பித்தாள்.

ஆனால் மாஜாங்குக்கு நான்கு பேர் வேண்டும். இந்த ஒரு விஷயம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மூன்று பேர் காய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். யாரையாவது கெஞ்சிக் கூட்டி வருவேன். அவள் பத்து நிமிடம் ஆடிவிட்டு, துணி காயப்போட்டிருக்கிறேன் என்று போய்விடுவாள்.

கடைசியில் ஒரு நாள் எங்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் சித்தூர்க்காரி வந்தாள். கூப்பிட்டதற்கு வந்தாள் என்பதைவிட, எங்கள் அறைக்கு ரெக்கார்டு நோட்டு வாங்க வந்தவளை நான் பிடித்து உட்கார வைத்தேன் என்பதுதான் சரி. அதிகம் பேச மாட்டாள். விதிகளை ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். முதல் ஆட்டத்தில் தோற்றாள். இரண்டாவதில் ஜெயித்தாள். அதற்குப் பிறகு அவளை நாங்கள் யாரும் ஒழுங்காக ஜெயித்ததே இல்லை. நாங்கள் போட்ட காய்களையெல்லாம் நினைவில் வைத்திருப்பாள். என் முகத்தைப் பார்க்காமலே, "உனக்கு எட்டாம் மூங்கில் வேணும், நான் போட மாட்டேன்" என்பாள்.

அப்போது எங்களிடம் இருந்தவை மரக்காய்கள். பலமனேர்க்காரியின் மாமாவுக்கு மர மில் இருந்தது. அவர் மிச்சத் துண்டுகளில் நூற்று முப்பத்தாறு காய் அறுத்துக் கொடுத்தார். படங்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஒட்டினோம். ஒரு மாதத்தில் எந்தக் காயின் முதுகில் எந்த ரேகை ஓடுகிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. முதுகில் கருப்பு முடிச்சு இருப்பது ஏழாம் மூங்கில். ஓரம் உடைந்தது மேற்குக் காற்று. திருப்பி வைத்திருக்கும் காயைப் பார்த்தே கண்டுபிடித்தால் அது என்ன ஆட்டம்? எனக்கு ஆத்திரமாக வரும். நால்வரும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் செட் வரவழைத்தோம். அது வந்த அன்றைக்கு நான் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

இருபது நாள்தான். பிளாஸ்டிக் காய்களைக் கலக்கினால் நல்ல சத்தம் வரும். அந்தச் சத்தம் கீழே வார்டன் அறைக்குக் கேட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏமிட்டி இதி? ஹாஸ்டல்லோ பேகாட்டா?"

பேகாட்டா என்றால் தெலுங்கில் சீட்டாட்டம். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைக் கேட்டால் போலீஸ் ஞாபகம்தான் வரும். பலமனேர்க்காரி பேசியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். நான் முந்திக்கொண்டேன். அவருக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், "இல்ல மேடம், பேகாட்டா இல்ல. இது ஒரு கேம். ரம்மி மாதிரி" என்றேன்.

ரம்மி மாதிரி. பலமனேர்க்காரி கண்ணை மூடிக்கொண்டாள். வார்டன் காய்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருடக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த ஒன்றரை மாதம் நான் ஒரு விண்ணப்பக் கடிதமும் விதிகளை எழுதிய தாளுமாக அலைந்தேன். எங்களைக் கல்லூரியில் ஒரு கிளப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும், காய்களைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. வார்டன், பிரின்ஸ்பாலிடம் போ என்றார். பிரின்ஸ்பால் அறை வாசலில் இருந்தவர், விளையாட்டு என்றால் பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்கி வா என்றார். பி.டி. சார் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"இது ஒலிம்பிக்ஸில் இருக்கிறதா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இல்ல சார்."

"யுனிவர்சிட்டி மீட்டில்?"

"இல்ல சார். கேரம்ஸ் இருக்குது, செஸ் இருக்குது. அது மாதிரி இதையும்..."

"அப்படியானால் கேரம்ஸ் ஆடு."

எனக்குக் கேரம்ஸ் பிடிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டார். நான்காவது தடவை போனபோது என்னைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, "வெளியில் எங்கேயாவது போட்டி நடந்தால் போய் ஆடிவிட்டு ஒரு சர்டிஃபிகேட் கொண்டு வா. அதை வைத்துக்கொண்டு நான் மேலே பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

அப்படித்தான் பெங்களூர் போட்டியைக் கண்டுபிடித்தேன். புதிதாக ஆடுகிறவர்களுக்கான குழுப் போட்டி. ஒரு குழுவுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு சுற்று, ஒருவர் விட்ட புள்ளியிலிருந்து அடுத்தவர். படித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். அந்தத் தொடரில் பார்த்த அதே முறை. பொங்கல் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. நால்வர் பெயரையும் நானே பதிவு செய்தேன்.

மற்ற மூன்று பேரிடமும் கேட்டேனா என்றால், கேட்டேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. நைனாவுக்குப் போன் செய்தேன். அவர் கொல்லையில் இருந்தார். மோட்டார் சத்தம் கேட்டது.

"பெங்களூர்ல இன்னாமே வேல உனக்கு?"

"ஒரு போட்டி நைனா. நாலு பேர் போறோம்."

"இன்னா போட்டி? ஓட்டமா?"

"இல்ல, ஒக்காந்து ஆடறது. காய் வெச்சிக்கினு."

"தாயமா?"

"தாயம் இல்ல நைனா."

"ஒக்காந்து ஆடறதுக்கு அத்தினி தூரம் போவணுமா? இங்கியே ஒக்காரேன்." அப்புறம், "காலேஜ்ல அனுப்பறாங்களா?" என்றார்.

அனுப்புகிறார்கள் என்று பொய் சொன்னேன். கல்லூரிக்கு நாங்கள் போவதே தெரியாது. "சரி, போய்க்கினு வா. வேளைக்குத் துன்னு" என்றார். எனக்கு அதற்கும் கோபம் வந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருப்பேன்.

யாருடைய வீட்டில் பிரச்சினை வரும் என்று நான் பயந்தேனோ அங்கே ஒன்றும் வரவில்லை. கோயில் தெருக்காரியின் அப்பா விதிகளை எழுதிய தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "பணம் வெச்சு ஆடறதில்லையோன்னோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "பின்ன என்ன, போய்ட்டு வாங்கோ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றரை மாதமாக ஒரு கல்லூரியே படிக்க மறுத்த தாளை அவர் பத்து நிமிடத்தில் படித்துவிட்டார்.

விடுமுறை என்பதால் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தோம். ஏற்பாடு எளிதுதான். நான் முதல் நாளே கோயில் தெருக்காரி வீட்டுக்கு வந்துவிடுவேன். நாங்கள் இருவரும் திருப்பதியில் காலை முதல் பேருந்தைப் பிடிப்போம். சித்தூரில் ஒருத்தி ஏறுவாள், பலமனேரில் ஒருத்தி ஏறுவாள். பெங்களூரில் நான்கு பேராக இறங்குவோம். அன்றைக்குச் சித்தூர் வரும் வரை வழியெல்லாம் நான் எங்கள் ஆட்ட வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் பலமனேர்க்காரி, அவள் பயந்து பயந்து ஆடுவாள், புள்ளியை அள்ளிக் கொடுக்க மாட்டாள். அப்புறம் கோயில் தெருக்காரி. மூன்றாவது நான். கடைசியில் சித்தூர்க்காரி. நான் எவ்வளவு விட்டாலும் அவள் மீட்டுவிடுவாள்.

"நன்னா தூங்கிண்டிருந்தேன்டி, எழுப்பி எழுப்பிச் சொல்றே" என்றாள் கோயில் தெருக்காரி.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பேருந்து பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். அவள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் போடுகிற பழைய சுடிதார், காலில் ரப்பர் செருப்பு. கையில் பை இல்லை. பை இல்லாததைத்தான் நான் முதலில் பார்த்தேன். இறங்கி ஓடினேன்.

"பை எங்கடி?"

"நான் வரல."

"இன்னாது?"

"வரலன்னு சொல்றேன். போன்ல சொன்னா நீ பேசிப் பேசியே ஏத்திக்கினு போய்டுவே. அதான் நேர்ல வந்தேன்."

"ஒடம்பு சரியில்லையா? வூட்ல எதுனா சொன்னாங்களா?"

"வூட்ல போய்க்கினு வான்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் இஷ்டமில்ல."

"நேத்து சாயங்காலம்கூட சரின்னு சொன்னியே!"

"நான் எங்க சரின்னு சொன்னேன்? நீ டைம் சொன்னே, நான் ம்னு சொன்னேன். எனக்குப் போட்டியெல்லாம் வேணாம்னு மூணு தபா சொல்லிட்டேன். நீ சிரிச்சிக்கினே போய்ட்டே."

அவள் சொன்னது உண்மை. மூன்று முறை சொல்லியிருந்தாள். அந்த மாதிரித் தொடர்களில் நன்றாக ஆடுகிற பெண் முதலில் அப்படித்தான் சொல்வாள். எனக்கு வேண்டாம், நான் வரவில்லை என்பாள். பிறகு மனம் மாறிக் கடைசி நேரத்தில் வந்து நிற்பாள். அவள் மனம் மாறுவதற்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்கிறாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

"நீ இல்லாம மூணு பேரு போய் இன்னா பண்றது? நாலு பேர் இருந்தாத்தான ஆட்டம்?"

"அதுக்குத்தான் இத்தினி நாளா வந்து ஒக்காந்தேன். நாலாவது ஆளு இல்லன்னு நீங்க மூணு பேரும் கதவையே பாத்துக்கினு இருப்பீங்க. பாவமா இருந்தது. ரூம்ல ஆடறதுன்னா ஆடறேன். அங்க வந்து ஊர் பேர் தெரியாதவங்க முன்னாடி, நீ என் பின்னாடி நின்னுக்கினு, இவ ஜெயிச்சிடுவா ஜெயிச்சிடுவான்னு... எனக்கு ஆவாதுபா."

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு பேருந்தில் ஏறியிருக்கலாம். "உனக்கு வர்றதுல பாதி எனக்கு வந்திருந்தா உன்கிட்ட வந்து நிக்கவே மாட்டேன். திமிரு உனக்கு. எல்லாரையும் விட நல்லா ஆடறோம்னு திமிரு" என்றேன். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். சித்தூர்க்காரி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் தெலுங்கில் கத்தினார். கோயில் தெருக்காரி ஜன்னல் வழியாக, "ஏறுடி, பஸ் கெளம்பறது" என்றாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

பலமனேரில் ஏறியவள் பெரிய டிபன் கேரியரோடு வந்தாள். தக்காளிச் சாதம், நான்கு பேருக்கு. இருக்கைகளை எண்ணிவிட்டு, "சித்தூருது எங்க?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோயில் தெருக்காரிதான் சொன்னாள். பலமனேர்க்காரி, "அந்தப் பிள்ள கேட்டுச்சா வரேன்னு? நீதானே பேரு கொடுத்த?" என்றாள். கோலார் வரும் வரை நான் அவளோடும் பேசவில்லை.

போட்டி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. பச்சைத் துணி போர்த்திய சதுர மேஜைகள். ஒரு மேஜைக்கு நான்கு குழு, குழுவுக்கு ஒருவராக உட்கார வேண்டும். எங்கள் மேஜையில் முதல் இரண்டு இடம் பிடிக்கிற குழுக்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும். மூன்று பேர்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னதும், போட்டியை நடத்திய பெண்மணி எங்களைத் திருப்பி அனுப்புவார் என்று பயந்தேன். அவர் ரொம்பச் சாதாரணமாக, "யாராவது ஒருவர் இரண்டு சுற்று ஆடிக்கொள்ளுங்கள். யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்.

"நான் வேணா ரெண்டு தடவை ஆடறேனே" என்றாள் கோயில் தெருக்காரி.

அவள்தான் ஆடியிருக்க வேண்டும். என்னைவிட அவள் நன்றாக ஆடுவாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், பலமனேர்க்காரிக்கும் தெரியும். நான், "கேப்டன்தான் கடைசியில ஆடணும். மூணாவதும் நாலாவதும் நான்" என்றேன். யார் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்? யாருமில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பலமனேர்க்காரி நான் சொன்ன மாதிரியே ஆடினாள். கொஞ்சம் விட்டாள், அவ்வளவுதான். கோயில் தெருக்காரி உட்கார்ந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. மூன்று முறை ஆட்டத்தை முடித்துக் காய்களைச் சாய்த்து வைத்தாள். அவள் எழுந்தபோது எங்கள் குழு இரண்டாவது இடத்தில் இருந்தது. மேஜையிலிருந்து அவள் வந்தாள், நான் எதிரே போனேன். அவள் என் தோளைத் தொட்டு, "நிதானமா ஆடு, என்ன?" என்றாள். போனில் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேனே, அந்தக் காட்சி எனக்கே நடந்துகொண்டிருந்தது. நானோ சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

ஜப்பானிய விதியில் ஒன்று உண்டு. ஆட்டத்தை முடிக்க எந்தக் காய்களுக்காகக் காத்திருக்கிறோமோ, அவற்றில் ஒன்றை நாமே முன்பு வீசியிருந்தால், அடுத்தவர் போடும் காயைக் கேட்டு ஜெயிக்க முடியாது. நாமே எடுத்தால்தான் உண்டு. இதை மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

என் கையில் நாலாம் வட்டமும் ஐந்தாம் வட்டமும் இருந்தன. மூன்றாம் வட்டம் வந்தாலும் முடியும், ஆறாம் வட்டம் வந்தாலும் முடியும். எனக்கு எதிரில் கல்லூரிப் பையன் ஒருவன் ஆறாம் வட்டத்தைப் போட்டான். நான் கிட்டத்தட்டக் கத்தினேன். காய்களைச் சாய்த்தேன். மேஜையில் யாரும் அசையவில்லை. அந்தப் பையன் ரொம்ப மரியாதையாக விரலை நீட்டி, நான் வீசிய காய்களின் முதல் வரிசையைக் காட்டினான். இரண்டாவதாகக் கிடந்தது மூன்றாம் வட்டம். ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் நானே போட்டது.

புள்ளிகளைக் குறைத்து அபராதம் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அதிகப் புள்ளி தரும் பெரிய பெரிய கையாகக் கட்டப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் சின்னச் சின்னதாக முடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சுற்று முடிந்ததும் நடைபாதையில் எதிரே வர யாரும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு அதே இடத்தில் நானே திரும்பிப் போய் உட்கார்ந்தேன். நான்காவது சுற்றும் முடிந்தபோது எங்கள் மேஜையில் நாங்கள்தான் கடைசி. மூன்றாம் இடத்தில் இருந்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் அவர்கள் இருவரும் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பலமனேர்க்காரி மிச்சமிருந்த தக்காளிச் சாதத்தை எடுத்து, "துன்னு" என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டினாள். கோயில் தெருக்காரி, தான் ஜெயித்த மூன்று ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பேசவிடாமல் செய்துவிட்டேன் என்பது இப்போது தெரிகிறது. அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அப்படி ஆடினாள். யாரும் அவளைப் பாராட்டவில்லை.

பங்கேற்றதற்கான சர்டிஃபிகேட் ஒன்று கொடுத்தார்கள். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பி.டி. சாரிடம் போனேன். "பார்ட்டிசிபேஷன்தானே? இது எல்லாருக்கும் கொடுப்பார்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அந்தக் கடிதத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கொண்டுபோகவில்லை. வருடக் கடைசியில் வார்டன் காய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதை ஊருக்குக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தேன்.

சித்தூர்க்காரியோடு மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் தேர்வு வந்தது, ஏதோ ஒரு பாடத்தில் சந்தேகம் கேட்டேன், சொன்னாள். பேச்சு வந்துவிட்டது. ஆட்டம் வரவில்லை. மூன்றாம் ஆண்டு முழுக்க நால்வரும் அதே கல்லூரியில்தான் இருந்தோம். ஒரு நாளும் ஒரு மேஜையில் உட்காரவில்லை. யாராவது கூப்பிட்டிருந்தால் மற்ற மூவரும் வந்திருப்போம் என்று நினைக்கிறேன். கூப்பிட வேண்டியவள் நான்தான்.

இப்போது நான் சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே எல்லாரும் "டீம், டீம்" என்றுதான் பேசுகிறார்கள். சுவரில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் தரமில்லாமல் போனால் எந்த ஷிப்ட், யாருடைய கை என்று பெயர் போட்டு மெயில் வரும். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாகச் சித்தூர் போனேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் அவளைப் பார்த்தேன். அங்கே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் லேபில் வேலை செய்கிறாளாம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இருவரும் உட்கார்ந்தோம். வேலை, வீட்டில் பார்க்கிற கல்யாணச் சம்பந்தம், அவள் தம்பி படிப்பு என்று பேசிவிட்டு, திடீரென்று, "அன்னிக்கி பெங்களூர்ல இன்னா ஆச்சு?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

சொன்னேன். ஆறாம் வட்டம் வரைக்கும் சொன்னேன். அந்தப் பையன் விரலை நீட்டியதைச் சொன்னதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். "நீயா? சிவப்பு இங்க்ல எழுதிக் குடுத்தியே!" என்றாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் என் காது சூடானது.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சக் காய் இன்னா இருந்தது கையில?" என்று கேட்டாள். நான் ஞாபகமிருந்தவரை சொன்னேன். எல்லாமே ஞாபகமிருந்தது. அவள் பில்லின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினாள். பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். "மூணாம் வட்டத்தை ஏன் போட்டே? இந்தக் கிழக்குக் காத்தைப் போட்டிருக்கலாமே. அப்புறம் அஞ்சு தபா காய் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும்" என்றாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தேன். அறையில் ஆடும்போது இருக்குமே, அதே முகம்.

"உனக்கு இந்த ஆட்டம் புடிக்கும்" என்றேன். குற்றம் சாட்டுவது போலத்தான் சொன்னேன்.

"புடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? எவனாவது என்னை ஜெயிக்கச் சொல்லிக்கினு நின்னாத்தான் புடிக்காது."

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் மணியைப் பார்த்து எழுந்துவிட்டாள். அந்த பில்லை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை அவளிடமிருந்து போனில் படம் வருகிறது. தாளில் பதின்மூன்று காய் எழுதி, பதினாலாவதாக ஒன்று வந்தால் எதைப் போடுவாய் என்று கேட்கிறாள். நலம் விசாரிப்பு கிடையாது. நேற்றும் ஒன்று வந்தது. தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்து இரண்டாம் மூங்கில் என்று பதில் அனுப்பினேன். "தப்பு" என்று வந்தது. ஏன் தப்பு என்று கேட்டிருக்கிறேன். பார்த்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை.